உலகம்மாளின் கையெழுத்து நின்ற நாள்

தெக்கங்கோட்டைப் பொருநை வங்கியில், ஒரு புரட்டாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு, மளிகைக்கடை அருணாசலத்தின் மனைவி பூரணவல்லி பணம் எடுக்கும் தாளில் போட்ட கையெழுத்து, மை காய்வதற்கு முன்பே தாளை விட்டு இறங்கி, எழுத்துக்குப் பின் எழுத்தாக எறும்பு போலக் கவுண்டர் பலகையில் நடந்து, ஸ்டாம்ப் பேடைச் சுற்றிக்கொண்டு, அதிகாரி சங்கரவடிவின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த மரப்பெட்டியின் மூன்றாவது இழுப்பறைக்குள் போய்விட்டது. கணக்கு தொடங்கும் நாளில் ஒவ்வொருவரிடமும் வாங்கிவைத்த மாதிரிக் கையெழுத்து அட்டைகள் அந்த இழுப்பறையில்தான் இருந்தன. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பத்து வருஷம் ஆகியும் அந்த அட்டைகளைத் தூக்கிப்போட வடிவுக்கு மனசு வரவில்லை.

வடிவு இருபத்திரண்டு வருஷமாகக் கையெழுத்தைச் சரிபார்த்துப் பணம் கொடுக்கச் சொல்கிறவள். தாளைப் பார்த்தாள், வெறுமையாக இருந்தது, அதனால் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்.

"யக்கா, கையெழுத்துப் போடலியே."

"போட்டனே," என்று பூரணவல்லி மறுபடி போட்டாள். அதுவும் இறங்கிப் போனது. மூன்றாவது தடவை போட்டதில் கடைசி எழுத்து கொஞ்சம் பின்தங்கி, பிறகு அவசர அவசரமாக ஓடி மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. வடிவு இழுப்பறையைத் திறந்து அவளுடைய அட்டையை எடுத்தாள். கல்யாணமான புதிதில் அவள் போட்டிருந்த கையெழுத்தின் மேல் அன்றைக்குப் போட்ட மூன்றும் அடுக்கிப் படுத்திருந்தன. அதைப் பார்த்ததும் பூரணவல்லி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். அவள் சிறுகச் சிறுகச் சேர்த்ததை எல்லாம் ஒரு கூட்டாளியின் லாரிக்காக எடுத்து வரச் சொல்லிவிட்டு அருணாசலம் வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தான். அவளுக்கு அதில் துளியும் இஷ்டம் இல்லை, மாட்டேன் என்று சொல்ல வாயும் இல்லை.

அருணாசலம் உள்ளே வந்து சத்தம் போட்டான், தன் கண் முன்னாலேயே ஒரு தடவை போடச் சொன்னான், அது இறங்கி அவனுடைய சாவிக்கொத்தின் மேல் ஏறி இறங்கிப் போவதைப் பார்த்தான். "பேனா சரியில்ல" என்றுமட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான்.

பேனா சரியில்லை என்பதையே மேனேஜர் ஜனார்த்தனனும் நம்பினார். வேலூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர், எதையும் எழுத்தில் வைத்தால் பாதி சரியாகிவிடும் என்று நினைக்கிறவர். அவர் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுத, அங்கிருந்து இரண்டு பெட்டி புதுப் பேனாவும், மையின் தரம் பற்றி நாலு பக்கச் சுற்றறிக்கையும் வந்தன. புதுப் பேனாவில் போட்ட கையெழுத்துகள் இன்னும் வேகமாக நடந்தன.

ஊர் அதை எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், மழைக்குக் குடை பிடிப்பது போலத்தான் ஏற்றுக்கொண்டது. ஒரு மாதத்துக்குள் விஷயம் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. மனசில்லாமல் போட்ட கையெழுத்து நிற்காது, யாரோ மிரட்டி, யாரோ நச்சரித்து, யாரோ பக்கத்தில் நின்று முறைத்துப் போடவைத்த கையெழுத்து தன் பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கவுண்டரில் கை ஊன்றி நிற்கிறவர்கள் "கையெழுத்து வருது, கைய எடுங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அட்டெண்டர் சுடலைமுத்து பலகையில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு, அந்தப் பாதையில் யாரும் பையோ ஹெல்மெட்டோ வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். கைநாட்டுகளுக்கு மட்டும் நடக்கத் தெரியவில்லை, அவை உருண்டு போயின, ஓரத்தில் விழுந்துவிடாமல் இருக்கச் சுடலைமுத்து ஒரு ஸ்கேலை அணையாக வைத்தான். வெள்ளிக்கிழமைகளில் இழுப்பறைப் பிடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தான். மேனேஜர் ஊதுபத்திக்கு மட்டும் தடை போட்டார்.

பீடி சுற்றும் பெண்களுக்குத்தான் கொண்டாட்டம். தெக்கங்கோட்டையில் முக்கால்வாசி வீடுகளில் பீடிதான் சோறு போடுகிறது. புருஷன் கேட்டான், மாமியார் கேட்டாள், கொழுந்தன் கேட்டான் என்று இத்தனை நாளும் வங்கிக்கு வந்து தலை குனிந்து கையெழுத்துப் போட்டவர்கள், இப்போது நிமிர்ந்து நடந்து வந்தார்கள், போட்டார்கள், அது போவதை நிதானமாக வேடிக்கை பார்த்தார்கள், வீட்டுக்குப் போய், "நீங்க சொன்னிய, நான் போட்டேன், அது நிக்கல, நான் என்னத்தச் செய்ய?" என்றார்கள். வரதட்சணைக்காகப் பெண்ணின் தகப்பனாரைக் கையோடு வங்கிக்குக் கூட்டிவந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார், அவருடைய கையெழுத்து இழுப்பறைக்குள் புகுந்ததைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ் ஏறிப் போனார்கள். அந்த வருஷம் தெக்கங்கோட்டைப் பெண்கள் கொஞ்சம் சதை போட்டார்கள் என்று சொன்னால் அது மிகை இல்லை.

இதில் எல்லாரையும்விட நிம்மதி அடைந்தவள் வடிவுதான். அதற்கு ஒரு காரணம் இருந்தது, அதை அவள் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் தங்கப்புஷ்பம் என்று ஒரு விதவை, புருஷன் இறந்ததற்குக் கிடைத்த தொகை முழுவதையும் எடுக்க மைத்துனனோடு வந்திருந்தாள். மைத்துனன் அவள் தோளை ஒட்டி நின்றான். அவள் கை நடுங்கியது, வடிவு அதைக் கண்ணால் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்து, பின்னால் வரிசை நீளமாக இருப்பதையும் கையெழுத்து அட்டையோடு அச்சாகப் பொருந்துவதையும் பார்த்துவிட்டு, பச்சை மையில் தன் கையெழுத்தைப் போட்டுப் பணம் கொடுக்கச் சொல்லிவிட்டாள். விதிப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆறு மாதம் கழித்துத் தங்கப்புஷ்பம் வீட்டை விட்டு அனுப்பப்பட்டு, ஆழ்வார்குறிச்சிப் பக்கம் எங்கோ சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறாள் என்று கேள்விப்பட்ட நாளில் இருந்து வடிவு அவளுடைய அட்டையை மட்டும் இழுப்பறையில் தனியாக எடுத்து வைத்திருந்தாள். முடிந்துபோன கணக்கின் அட்டை அங்கே இருக்கக் கூடாது. கையெழுத்துகள் ஏன் நடக்கத் தொடங்கின என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னபோது, வடிவு அந்த அட்டையை நினைத்துக்கொள்வாள், வாய் திறக்க மாட்டாள்.

இப்போது அந்தப் பாரம் இறங்கிவிட்டது. முகத்தைப் பார்க்க வேண்டாம், கை நடுங்குகிறதா என்று பார்க்க வேண்டாம், கேட்கலாமா கூடாதா என்று யோசிக்க வேண்டாம், தாளைப் பார்த்தால் போதும். நின்றால் கொடு, போனால் கொடுக்காதே. மேனேஜர் அதையும் எழுத்தில் வைத்தார். 'கையெழுத்து மூன்று நிமிடம் நின்றால் பணம் வழங்கப்படும்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். வெளியூர்க்காரர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். வங்கியில் அதற்குப் பிறகு ஒருவரும் ஒருவரிடமும் எதற்கு, யாருக்கு என்று கேட்கவில்லை. தெக்கங்கோட்டைக்காரர்கள் செய்த தப்பு அதுதான், அதைச் செய்யும்போது எல்லாருக்கும் சந்தோஷமாகவே இருந்தது.

மார்கழியில் ஒரு நாள் உலகம்மாள் வந்தாள்.

உலகம்மாளுக்கு அறுபத்தொரு வயது. நாற்பது வருஷம் பீடி சுற்றியவள், கல்யாணம் ஆகவில்லை, தம்பி வீட்டுக்குப் பின்னால் தகரச் சாய்ப்பில் படுக்கை. பீடிக் கம்பெனி கொடுத்த சேமநிதியை அப்படியே வங்கியில் போட்டுவைத்திருந்தாள். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை, சாய்ப்பு இருக்கிற இடத்தில் ஒரு அறை, அதற்கு உள்ளே இருந்து தாழ்ப்பாள் போடுகிற மாதிரி ஒரு கதவு. அறையைவிடக் கதவைப் பற்றித்தான் அதிகம் பேசுவாள். "பிறந்ததுல இருந்து ஒருநாளும் கதவச் சாத்திட்டு உறங்கினதில்ல தாயி," என்று பாஸ்புக்கில் வட்டி பதிய வரும்போதெல்லாம் வடிவிடம் சொல்லுவாள். நாற்பது வயதில் அறிவொளி வகுப்பில் கையெழுத்து மட்டும் போடக் கற்றவள், எழுத்துகளை ஒவ்வொன்றாக, பெரிதாக, பீடிக்கு நூல் கட்டுகிற கவனத்தோடு போடுவாள், புள்ளி வைக்கும் இடத்தில் தாள் கிழிகிற அளவுக்குக் குத்துவாள்.

அன்றைக்கு அவள் யாரிடமும் சிரிக்கவில்லை. டெபாசிட்டை முறித்து, முழுவதையும் வேறொரு கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்றாள். கணக்கு எண்ணைப் பீடிக்கட்டு லேபிளின் பின்பக்கத்தில் எழுதி வந்திருந்தாள். சுடலைமுத்து தாளை நிரப்பிக் கொடுத்தான், அவள் கையெழுத்துப் போட்டாள், வரிசையில் நின்ற அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

கையெழுத்து நின்றது. மூன்று நிமிடம் நின்றது, ஐந்து நிமிடம் நின்றது. ஒரு எழுத்து அசையவில்லை. அதைவிட உறுதியாக நின்ற கையெழுத்தை அந்த வங்கி பார்த்ததில்லை.

"நிக்குதே மேடம், பாஸ் பண்ணுங்க," என்றார் மேனேஜர், பின்னால் வந்து நின்று.

வடிவு பச்சைப் பேனாவின் மூடியைக் கழற்றினாள். வழக்கத்துக்கு மாறாக, ஏனோ அன்றைக்கு, தாளில் இருந்து கண்ணை எடுத்து மேலே பார்த்தாள். உலகம்மாளின் உதடு வெளுத்திருந்தது. இடது கை இடுப்பில் செருகிய செல்போனை அழுத்திப் பிடித்திருந்தது, போனின் விளக்கு சேலைக்குள்ளிருந்து எரிந்துகொண்டிருந்தது. பணம் போய்ச் சேர வேண்டிய ஊர், வடக்கே, பெயரை வாயில் நுழைக்க முடியாத ஒரு ஊர்.

வடிவு பேனாவை மூடினாள்.

"உலகம்மக்கா, இது யாருக்கு?"

கண்ணாடிச் சட்டம் மாட்டிய நாளில் இருந்து அந்தக் கட்டடத்தில் கேட்காத கேள்வி அது.

"செங்கல் கடைக்காரருக்கு," என்றாள் உலகம்மாள், மனப்பாடம் ஒப்பிப்பது போல. "அறை கட்டப் போறம்லா."

"எந்தக் கடை? நம்ம ஊர்ல மூணு சூளை கெடக்கு, டெல்லிக்கு அங்கிட்டுப் போயா செங்கல் வாங்குதிய?"

"மேடம்," என்று மேனேஜர் காதருகே குனிந்தார். "அவங்க பணம், அவங்க இஷ்டம். கையெழுத்தே நிக்குது. நாம நிறுத்தி வெச்சா நாளைக்குப் புகார் வரும். நம்மள யாரு காப்பாத்துவா?"

"வரட்டும் சார். என்மேல எழுதிக்கிடுங்க."

உலகம்மாளுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. இருபது வருஷமாகத் தாயி, தாயி என்று கூப்பிட்டவள், கவுண்டரில் அறைந்தாள். "எங் காசு. நான் சுத்துன பீடி. நீ யாரு தடுக்க? கையெழுத்து நிக்குதுல்லா, ஊரே பாத்துக்கிட்டுதான இருக்கு!"

"உங்க காசுதாங்க்கா," என்றாள் வடிவு. "அதனாலதான் கேக்குதேன். எங் காசா இருந்தா கேக்க மாட்டேன்."

கூட்டம் அவள் பக்கம் இல்லை. கையெழுத்தே நிற்கிறபோது இவளுக்கு என்ன வந்தது என்று முணுமுணுத்தது. வரிசையில் நின்ற பூரணவல்லிகூட, "போட்டுக் கொடுத்துரு வடிவு, பாவம், அந்தக்கா ஆசைப்பட்ட அறை," என்றாள். வடிவு தயங்கினாள். நிஜமாகவே செங்கல்தானோ, நாம்தான் ஒரு வயசானவளை நடுக்கூடத்தில் அவமானப்படுத்துகிறோமோ என்று ஒரு நிமிஷம் பேனாவின் மூடியைத் திருகினாள். அப்போது உலகம்மாளின் இடுப்பிலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது.

"என்ன இவ்வளவு நேரம்? யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

உலகம்மாள் போனை இரண்டு கையாலும் பொத்தினாள். வடிவு கவுண்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள், அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கைகளின் மேல் தன் கையை வைத்தாள். அதன் பிறகுதான் கதை துண்டு துண்டாக வெளியே வந்தது. காலையில் போலீஸ் என்று ஒருவன் கூப்பிட்டிருக்கிறான். மஸ்கட்டில் வேலை பார்க்கும் தம்பி மகன் இசக்கிராசா ஏர்போர்ட்டில் பிடிபட்டுவிட்டான், அவனை விட வேண்டும் என்றால் இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்ப வேண்டும், சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிடுவோம், போனைத் துண்டித்தாலோ வெளியே சொன்னாலோ பையன் உள்ளேதான் என்று சொல்லியிருக்கிறான். இசக்கிராசாவைக் கைக்குழந்தையிலிருந்து மடியில் போட்டுக்கொண்டு பீடி சுற்றியவள் உலகம்மாள். அவனுக்காக அவள் தன் அறையையும் கதவையும் முழுமனதோடுதான் கொடுத்தாள். அதனால்தான் அது நின்றது.

"சுடலை, நாமினித் தாளை எடு," என்றாள் வடிவு. டெபாசிட்டில் உலகம்மாள் வாரிசாக எழுதிக்கொடுத்திருந்தது இசக்கிராசாவைத்தான், அவன் நம்பரும் அதில் இருந்தது. வங்கிப் போனில் கூப்பிட்டார்கள். நாலாவது மணியில் எடுத்தான்.

"யாரு? அத்தையா? நான் வேலையில நிக்கேன் அத்தே, சொல்லுங்க. என்ன அழுதிய? யாருக்கு என்ன?"

உலகம்மாள் அந்தக் குரலை ஒரு நிமிஷம் கேட்டாள். பிறகு இடுப்பிலிருந்த போனை எடுத்து வாயருகே வைத்து, நாற்பது வருஷம் பீடித்தூள் ஏறிய குரலில் ஒரு வசவு வைதாள். அதை இங்கே எழுத முடியாது, மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டார் என்றுமட்டும் சொல்லலாம். போன் பட்டென்று செத்தது.

அப்போதுதான், பலகையில் கிடந்த தாளில் இருந்து அந்தக் கையெழுத்து இறங்கியது. மெதுவாக, தப்புச் செய்துவிட்டதைப் போலத் தயங்கித் தயங்கிச் சாக்பீஸ் கோட்டின் நடுவில் நடந்தது. எல்லாரும் இழுப்பறையைப் பார்த்தார்கள். கையெழுத்து அங்கே போகவில்லை. பாதையை விட்டு விலகிப் பலகையின் காலைப் பிடித்துக் கீழே இறங்கி, தரையைக் கடந்து, பெஞ்சில் ஏறி, வடிவின் இடது உள்ளங்கைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. இழுப்பறையில் பார்த்தால் உலகம்மாளின் அட்டையும் காலி, இருபது வருஷத்துப் பழைய கையெழுத்தும் கிளம்பி வந்திருந்தது.

அது சோப்புக்குப் போகவில்லை, சீயக்காய்க்கும் போகவில்லை. "யாரு இந்த உலகம்மாள்?" என்று வடிவின் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டுக்கு மேல் குனிந்து வாசித்துவிட்டுக் கேட்டார். "எங்க டெபாசிட்தாரர்," என்றாள் வடிவு. அவர் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.

மறுநாள் மேனேஜர் தானே ஸ்டூல் போட்டு ஏறிக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றினார். அன்றோடு தெக்கங்கோட்டையில் கையெழுத்துகள் நடப்பது நின்றுபோனது. சட்டத்தைக் கழற்றியதால்தான் நின்றுவிட்டது என்று ஊர் அவரைக் கொஞ்ச நாள் திட்டியது. அதற்குப் பதிலாக வடிவு கேட்கத் தொடங்கினாள். யாருக்கு, எதுக்கு, கூட வந்திருக்கிறது யார், நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க தம்பி, அக்காகிட்ட ஒரு வார்த்த பேசணும். வரிசை நத்தையாக நகர்ந்தது, ஜனங்கள் அலுத்துக்கொண்டார்கள், "பேங்குக்கு வந்தமா, சம்பந்தம் பேச வந்தமா" என்று கேலி செய்தார்கள். பக்கத்துக் கவுண்டர் காலியாக இருந்தாலும் வடிவின் வரிசையிலேயே நின்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வடிவு அந்தத் தனி அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆழ்வார்குறிச்சிக்குப் பஸ் ஏறினாள். விசாரித்துக் கண்டுபிடித்தபோது தங்கப்புஷ்பம் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வடிவு உட்காரவில்லை.

"அன்னைக்கு உங்க கை நடுங்குனத நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். கேக்கல," என்றாள்.

தங்கப்புஷ்பம் முறத்தைக் கீழே வைத்தாள். "நீங்க கேட்டிருந்தா நான் பொய்தான் சொல்லிருப்பேன்," என்றாள். அப்புறம் உமியைக் கையால் ஒதுக்கிவிட்டு, "ஆனாலும் கேட்டிருக்கலாம்," என்றாள். வடிவு அழுதாள். தங்கப்புஷ்பம் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள், அட்டையை வாங்கித் தன் கையெழுத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், அதைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

தை பிறந்து பத்து நாள் கழித்து உலகம்மாள் வந்தாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் வங்கிப் பக்கமே வரவில்லை, வெட்கம். வரிசையில் நின்று, முறை வந்ததும், வடிவைப் பார்க்காமல் பணம் எடுக்கும் தாளை நீட்டினாள். கையெழுத்துப் போட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பேனாவை எடுத்துப் பார்த்தாள், மூன்று தடவை முயன்றும் எழுத்து விழவில்லை.

வடிவு மற்ற எல்லாரிடமும் கேட்பதைத்தான் அவளிடமும் கேட்டாள்.

"யாருக்குக்கா?"

உலகம்மாள் தம்பியின் பெயரையோ இசக்கிராசாவின் பெயரையோ சொல்லப் பழகிய வாயைத் திறந்து, மூடினாள். நாற்பது வருஷத்தில் அவள் செலவழித்த ஒவ்வொரு காசுக்கும் வேறொருவர் பெயர் இருந்தது. இந்தத் தடவை சொல்ல வேண்டிய பெயர் அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"எனக்கு," என்றாள் மெல்ல. பிறகு தலையை நிமிர்த்திச் சத்தமாகச் சொன்னாள். "எனக்குத்தான் தாயி. கதவுக்கு. பலா மரக் கதவு, உள்தாழ்ப்பா போட்டது."

வடிவின் உள்ளங்கை குறுகுறுத்தது. அவள் கையைத் தாளின் மேல் விரித்து வைத்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக, பெரிதாக, அவசரம் இல்லாமல் இறங்கி, வெறுமையாக இருந்த கோட்டின் மேல் போய் வரிசையாக நின்றன. கடைசிப் புள்ளி தன் இடத்துக்கு வந்து தாளில் குத்தி உட்கார்ந்தது.

வடிவு கடிகாரத்தைப் பார்க்கவில்லை. உலகம்மாளின் முகத்தைப் பார்த்தாள், போதுமான நேரம் பார்த்தாள், அதன் பிறகு பச்சை மையில் தன் கையெழுத்தை அதன் பக்கத்தில் போட்டாள்.